குடும்பங்களை ஒட்ட வைக்கும் வெற்றிச்செல்வன்

வெற்றிச்செல்வன் என்ற பெயரை ரேணுகாதேவி முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. அழுது ஓய்ந்த பெண்கள் பின்கட்டில் காபிக்குக் காத்திருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது: "பெரியவருக்கு நாமினி யாருங்க?"

"யாரு அது, இந்த நேரத்துல?" என்றாள் ரேணுகா. பக்கத்திலிருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, "வேற யாரு, வெற்றிச்செல்வன். வரி எழுதறவரு. பொணத்துக்கும் வரி கொறச்சிக் குடுப்பாரு" என்றாள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவருக்கு ஒரு அறை. மனிதரை முகம் பார்த்துப் பேசும் பழக்கம் கிடையாது, தலையை எண்ணுவார். குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் மூக்கு யாரைப்போல என்று பார்த்தால், இவர் தொட்டிலை எட்டிப் பார்த்து, "பேன் கார்டு போட்டுடலாமா?" என்பார். கட்டிய மனைவியை 'ஸ்பவுஸ்' என்றுதான் சொல்வார். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. பச்சையில் கையெழுத்துப் போட அரசாங்கத்தில் பெரிய பதவி வேண்டும். இவருக்கு எந்தப் பதவியும் இல்லை. ஆனாலும் பால் கணக்கைக் காலண்டரில் குறிப்பதுகூடப் பச்சையில்தான். கேட்டால், "இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க" என்பார்.

அவருடைய உண்மையான கைத்தொழில் குடும்பங்களை ஒட்டுவது. கூட்டுக் குடும்பம் என்று எழுதிக் கொடுத்தால் வரிச் சட்டம் அந்தக் குடும்பத்தையே தனி ஆளாகக் கணக்கிடும். அதற்குத் தனிக் கார்டு, தனி விலக்கு. குடும்பத்துக்காகக் கையெழுத்துப் போடும் மூத்தவருக்குக் 'கர்த்தா' என்று பெயர். அவ்வளவுதான், வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பங்காளிகளெல்லாம் வெற்றிச்செல்வன் மாடிப்படி ஏறி ஒரே குடும்பமாக இறங்கினார்கள். ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். "மனசு சேர வேணாங்க, கையெழுத்து சேந்தா போதும்" என்பார் அவர்.

ரேணுகாவின் கணவன் தருமன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவருக்கும் தம்பி ஜெயக்குமாருக்கும் பஜாரில் பாட்டன் கட்டிய கட்டடம் ஒன்று உண்டு. கீழே பட்டுப் புடவைக் கடை, நல்ல வாடகை. அதை நம்பித்தான் மகளை டாக்டருக்குச் சேர்த்திருந்தாள் ரேணுகா. சம்பளத்தோடு வாடகையும் சேர, வரி தருமனின் கழுத்தைப் பிடித்தது. வெற்றிச்செல்வன் வீட்டுக்கு வந்தார்.

"கூடப் பொறந்தவங்க யார் யாரு சார்?"

"நானும் தம்பியும்."

"பொண்ணுங்க?"

"ஒரு அக்கா. சந்தவாசல்ல கட்டிக் குடுத்தாச்சு."

"கட்டிக் குடுத்தாச்சா? அப்போ வுடுங்க."

அக்கா ராஜம்மாள் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. அப்பா கருமாதியில் தம்பிகள் அவளுக்கு எடுத்த பட்டில் ஊடே ஓர் இழை விட்டுப் போயிருந்தது. தள்ளுபடியில் வாங்கியது. ஆரணியில் பிறந்தவளிடம் அதை மறைக்க முடியுமா? ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தாள், மடித்துப் பெஞ்சில் வைத்தாள், பஸ் ஏறிவிட்டாள். இதெல்லாம் தெரிந்த ரேணுகா காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. ரேணுகாவுக்குப் பின் சீட்டில் வெற்றிச்செல்வன் ஒரு அரிசி மில்காரரை வளைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக் கணக்கு அவர் வயிற்றில் தங்காது. அதுதான் அவருக்கு விளம்பரம்.

"பேரு சொல்லக் கூடாதுங்க. தருமன் வாத்தியாருன்னு வெச்சிக்கோங்களேன். பாட்டன் சொத்து. இன்னி வரைக்கும் பாகமே பிரிக்கலன்னு எழுதி, அண்ணன் தம்பி கையெழுத்தும் வாங்கிட்டேன்."

முன் சீட்டில் முக்காடு போட்டிருந்த அம்மாள் திரும்பினாள். ராஜம்மாள்.

"ஏம்பா, அந்தக் குடும்பத்துல மூத்ததுன்னு யார எழுதின?"

"தருமன் சாரத்தாம்மா."

"அவன இடுப்புல தூக்கிகினு திரிஞ்சவ நானு. என்ன எங்க எழுதின?"

வேறொருவனாயிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பான். வெற்றிச்செல்வனுக்குச் சட்டம் தெரியும் என்று காட்டாமல் இருக்க முடியாது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சட்டப்படி பொண்ணுக்கும் சம பங்கு உண்டும்மா. கட்டிக் குடுத்தாலும் உண்டு. மூத்தது பொண்ணுன்னா அவங்களே கர்த்தா ஆவலாம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. ரேணுகா பக்கம் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மறுநாள் தருமன் குதித்தார். "யோவ், எப்பவோ பாகம் பிரிச்சாச்சுன்னு மாத்தி எழுதுயா!"

"பிரிக்கலன்னு நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"அப்போ இப்ப பிரி."

"ஜல்தியா பிரிச்சிடலாம் சார். மூணு பங்கா."

தருமன் உட்கார்ந்துவிட்டார். ஜெயக்குமார், "பேஜார் புடிச்ச ஆளக் கூட்டிகினு வந்த பாரு, அண்ணா" என்று எழுந்து போனான்.

அந்த வாரமே ராஜம்மாள் வந்தாள். நல்ல பட்டு உடுத்தியிருந்தாள். "பிரிக்க வேணாம்பா. சேந்தே இருப்போம். நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள். மூன்றில் ஒரு பங்கு கையை விட்டுப் போவதற்கு இது மேல் என்று தம்பிகள் தலையாட்டினார்கள். வாடகை இனிமேல் கர்த்தா கைக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டவள் ரேணுகா. "பொண்ணு படிப்பு, அண்ணி..." என்று இழுத்தாள்.

"படிக்கட்டும். பீஸ் நான் தரேன். உன் வூட்டுக்காரர மட்டும் நேர்ல வந்து கேக்கச் சொல்லு."

தலைமையாசிரியர் இப்போது பீஸ் கட்டும்போதெல்லாம் சந்தவாசல் பஸ் ஏறுகிறார்.

அன்றைக்குக் கர்த்தா பெயரை மாற்றி எழுதிவிட்டு வெற்றிச்செல்வன் செருப்பை மாட்டும்போது ரேணுகா வாசல்வரை வந்தாள். "வெம்பாக்கத்துல எங்க அண்ணனுங்களுக்கும் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. சட்டப்படி..."

"மெதுவா சொல்லுங்க. உள்ள அவரு காதுல வுழப்போவுது."

வெற்றிச்செல்வன் இப்போது மாதத்தில் ஒரு காலை சந்தவாசலில், ராஜம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம், பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் வருகிற வரைக்கும் காகிதங்களை மடியில் வைத்துக் காத்திருக்கிறார். வந்ததும் பேனாவை நீட்டுகிறார். ராஜம்மாள் மையைப் பார்க்கிறாள். பேரனின் நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறாள். அவர் பச்சைப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.