பட்டாளத்தார் போட்ட கையெழுத்து

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவு கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்து மனுக்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் பட்டாளத்தாரை அந்த அலுவலகத்தில் முதலில் பார்த்தவன் நான்தான். முதலில் திருப்பி அனுப்பியவனும் நான்தான்.

அவர் வந்து நின்ற விதமே வேறு. மற்றவர்கள் மேசையில் கையூன்றிக் குனிவார்கள். அவர் ஓரடி தள்ளி, முதுகு வளையாமல் நின்று, காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். ஆற்றின் குறுக்கே ஒரே பகலில் இரும்புப் பாலம் பூட்டி வண்டிகளை அக்கரை சேர்ப்பது அவர்கள் வேலை. முதல் வண்டி ஏறும்போது பாலத்தைப் பூட்டியவர்கள் அதற்கு அடியில் நிற்க வேண்டும் என்று அவருடைய மேலதிகாரி ஒரு வழக்கம் வைத்திருந்தாராம். “அடியில நிக்கப்போறவன் போல்ட்ட லூசா விடமாட்டான் சார்” என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

மனுவில் எழுதியிருந்தது இவ்வளவுதான். அவருடைய தெருவில் மழைநீர் வாய்க்கால் தோண்டி எட்டு மாதமாகிறது. பக்கச் சுவர் எழுப்பி, கம்பிகளை நீட்டியபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூடி போடவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் மழையில் சைக்கிளில் வந்தாள். தெரு எது வாய்க்கால் எது என்று தெரியாதபடி தண்ணீர் நின்றது. விழுந்தவளின் வலது முழங்காலில் கம்பி ஏறிவிட்டது. மூன்று அறுவைச் சிகிச்சை செய்தும் கால் இனி மடங்காது என்று கைவிரித்துவிட்டார்கள்.

மகள் பிறந்ததிலிருந்து அவளோடு சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை அந்த மனுஷர். ஓய்வுபெற்று வீடு வந்து சேர்ந்த ஏழாவது வாரம் இது நடந்தது.

நஷ்டஈடு கேட்டிருப்பார் என்று நினைத்து மனுவின் கடைசி வரிக்குப் போனேன். ‘ஆகவே வாய்க்காலுக்கு மூடி போட்டுத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இருந்தது. வேறு ஒன்றுமில்லை. எண் போட்டு மாடிக்கு அனுப்பினேன். ‘வார்டு உறுப்பினரின் பரிந்துரை தேவை’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. வார்டு உறுப்பினரிடம் போனார். அந்த ஆள் பல் குத்திக்கொண்டே, “பட்டாளத்தாரே, பொண்ணுக்கு நேரம் சரியில்ல. அதுக்கு வாய்க்கால் என்ன பண்ணும்?” என்றாராம்.

ஒன்பது தடவை என் மேசைக்கு வந்தார். ஒன்பதாவது தடவை எனக்கே சலித்துவிட்டது.

“சார், இங்க நின்னு கால் கடுக்கிறதுதான் மிச்சம். மேல மாடியில உறுப்பினர்களுக்கு நாற்காலி போட்டிருக்கு. அதுல போய் உக்காருங்க, தானா நடக்கும்” என்றேன்.

பேச்சை முடிக்க ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அதை உத்தரவுபோல எடுத்துக்கொண்டுவிட்டார். “சரி” என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

ஐந்து மாதத்தில் தேர்தல் வந்தது. சுயேச்சையாக நின்றார். கூட்டம் சேர்க்க ஆளில்லை. தெருமுனை சலூன்காரரும் மின்சார வேலை பார்க்கும் மச்சானும்தான் கூட. வீட்டில் மனைவி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மகள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

“நில்லுங்கப்பா. ஆனா என் காலக் காட்டி ஓட்டுக் கேக்காதீங்க.”

“கேக்கமாட்டேம்மா.”

“சத்தியமா?”

“பட்டாளத்துக்காரன் சொன்னா சொன்னதுதான்.”

கடைசிப் பிரச்சாரக் கூட்டம் வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். அன்று சாயங்காலம் பழைய உறுப்பினர் எதிர்த் தெருவில் மைக் கட்டி, “பென்ஷன் வாங்கிட்டு வீட்ல இருக்க முடியாம பொழுதுபோக்குக்கு வந்திருக்காரு. துப்பாக்கி புடிச்ச கைக்கு தொடப்பம் புடிக்கத் தெரியுமா?” என்று கேட்க, இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பட்டாளத்தாருக்கு முகம் சுருங்கிவிட்டது. கையில் மைக். எதிரே முதல் வரிசையில் மகள்.

“நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியணுமா? அம்மாடி, மேல வாம்மா” என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். இருந்த இடத்திலிருந்து மேடை பதினைந்து அடி இருக்கும். சிரித்த கூட்டம் வாயை மூடிக்கொண்டது. காலை வட்டமாக வீசி வீசி வந்து, படியோரக் கட்டையைப் பிடித்து நாலு படி ஏறி நின்றாள். கும்பிடவில்லை. யாரையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த பெண்கள் அழுதார்கள். நானும் அங்கே இருந்தேன். எனக்கும் கண் கலங்கியது. அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதன்பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளாமல் இல்லை. சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் பேசினார்கள். அந்த மேடையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

முதல் மன்றக் கூட்டத்திலேயே எழுந்து நின்றார். தீர்மானப் புத்தகம் எழுதுகிறவர் விடுப்பில் இருந்ததால் அந்த மாதம் நான்தான் எழுதினேன். “அந்த வாய்க்கால் வேலையப் பாதியில விட்டது யாரு, விடச் சொன்னது யாருன்னு விசாரணை வேணும்” என்றார். அறை முழுக்கக் குனிந்து காகிதம் பார்த்தது. வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் நகராட்சித் தலைவரின் மாப்பிள்ளை என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “அண்ணே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. விசாரணை வச்சா வழக்குன்னு ஆயிடும். வழக்கு முடியிற வரைக்கும் அந்த வாய்க்கால்ல ஒரு செங்கல் வைக்க முடியாது. அதுக்குள்ள இன்னும் எத்தன புள்ளைங்க விழுமோ. உங்களுக்கு விசாரணை வேணுமா, மூடி வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்றார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியிடம் கேட்டார். “விசாரணைய வச்சு வாய்க்கால மூட முடியுமா? மூடிய வாங்கிட்டு வாங்க” என்றாள் அந்த அம்மா. அது நியாயமாகத்தான் பட்டது. மகளிடம் கேட்கவில்லை. ‘உறுப்பினர் தமது கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்’ என்று அடுத்த கூட்டத்தில் எழுதினேன். எழுதும்போது அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடி போடும் வேலையும் அதே மாப்பிள்ளைக்குத்தான் போனது. பத்தே நாளில் முப்பத்தெட்டு சிமெண்டுப் பலகைகளை இறக்கி வரிசையாகப் போட்டார்கள். தெருவுக்கே அகலம் கூடிவிட்டதுபோல இருந்தது. துணி தேய்க்கும் அம்மா தன் தள்ளுவண்டியை மண்ணிலிருந்து எடுத்துப் பலகைமேல் நிறுத்திக்கொண்டாள். “தம்பி, இப்பத்தான் சக்கரம் புதையாம நிக்குது. நல்லா இருப்பீங்க” என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

வேலை முடிந்ததற்கான சான்றை வார்டு உறுப்பினர் நேரில் பார்த்துச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். திறப்பு விழா அன்று காலை பொறியாளர் அந்தத் தாளை என் கையில் திணித்து, “தலைவர் வந்துட்டாரு, சீக்கிரம் வாங்கிட்டு வா” என்று விரட்டினார். ஓடினேன். தலைவர் ரிப்பன் முன்னால் நிற்கிறார், படம் எடுப்பவர் “கொஞ்சம் சிரிங்க” என்கிறார், பட்டாளத்தார் பக்கத்தில் நிற்கிறார். தலைவருடைய காரின் முன்பக்கத்தில் தாளை விரித்தேன்.

“எல்லாம் பாத்தாச்சா?” என்று பட்டாளத்தார் கேட்டார்.

“பாத்தாச்சு சார்” என்றேன்.

நான் எதையும் பார்த்திருக்கவில்லை. பொறியாளர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிக்கூட நினைத்தேனா என்பது இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. தலைவர் “வாங்கண்ணே, நீங்க இல்லாம எப்படி” என்று கையை நீட்டினார். பட்டாளத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படத்துக்கு நின்றார்.

நாலு மாதம் கழித்து, ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு, தேய்க்கும் அம்மாவின் காலுக்குக் கீழே பலகை இரண்டாக உடைந்தது. அவள் உள்ளே போனாள். தணல் நிரம்பிய இஸ்திரிப் பெட்டியும் கூடவே போனது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இடது கை தோள்வரைக்கும் வெந்துவிட்டது.

அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியதே பட்டாளத்தார்தான். ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த பலகையைக் குனிந்து பார்த்தார். விரல் தடிமனில் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கட்டுக்கம்பி இருந்தது. துணி காயப்போடக்கூட அதை நம்ப முடியாது.

வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியோடு வந்தார். அடுத்த பலகையில் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் விழுந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாக உடைத்துக் குனிந்து பார்ப்பதும் நிமிர்வதுமாகத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை நோக்கிப் போனார். சலூன்காரர் தடுக்கப் பார்த்தார். கிட்டே போக முடியவில்லை. “எங்க வீட்டு வாசல உடைக்காதீங்க, எப்படி நாங்க வெளிய வர்றது?” என்று பெண்கள் கத்தினார்கள். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. உள்ளங்கை கிழிந்து சம்மட்டிப் பிடியெல்லாம் ரத்தம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தெருமுனையில் நின்றாள். வீட்டுக்கு வர அவளுக்கு வழியில்லை.

“அப்பா, போதும்” என்றாள். “திரும்பிப் பாருங்க. மறுபடியும் எல்லாம் திறந்து கிடக்கு.”

அவர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு பலகை. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாய்க்கால் சுவரில் உட்கார்ந்தார்.

இம்முறை அவர் கேட்காமலே விசாரணை வந்தது. பொறியாளரின் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒப்பந்தக்காரர் சான்றைக் காட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. ‘நேரில் சோதித்தேன், திருப்தி’ என்ற அச்சு வரிக்குக் கீழே, கொட்டை எழுத்தில், ராணுவத்தில் பழகிய சாய்வில்லாத கையெழுத்து. போதாததற்குப் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினார் என்று இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்.

“தாளை நீங்கதானே கொண்டுபோனீங்க? உறுப்பினர் யாரோட கட்டாயமும் இல்லாம கையெழுத்துப் போட்டாரா?”

“ஆமாம் சார்.”

“என்ன தாள்னு தெரிஞ்சுதான் போட்டாரா?”

“ஆமாம் சார்.”

இரண்டும் உண்மை. ‘பார்த்தாச்சா என்று என்னைக் கேட்டார், நான் பொய் சொன்னேன்’ என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், வேலைக்கு இன்னும் பல வருஷம் மிச்சம். அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். தானே சொல்லுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. “கையெழுத்து என்னுது. பாத்திருக்க வேண்டியவனும் நான்தான்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பதவியைப் பறித்தார்கள். பலகைகளைத் திரும்பப் போடும் வேலை மாப்பிள்ளைக்கே போனது. இந்தத் தடவை ஊரே நின்று வேடிக்கை பார்த்ததால் கம்பி ஒழுங்காக விழுந்தது. இன்றைக்கு அந்தப் பலகைமேல் லாரி ஏறலாம். முனையில் கல் நட்டுத் தலைவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

தேய்க்கும் அம்மாவைப் பார்க்க அவர் தினமும் ஆஸ்பத்திரிக்கும், பிறகு அவள் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அவள், “தம்பி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீங்க வந்து உக்காந்தா நான் உங்களத் தேத்த வேண்டியிருக்கு. எனக்கு அதுக்குத் தெம்பில்ல. வராதீங்க” என்றாளாம். அதற்கப்புறம் போகவில்லை.

மேடையைப் பற்றி மகள் கடைசியில் பேசியதை அவர் மனைவிதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர், “அன்னிக்கு உன்ன மேல கூப்பிட்டிருக்கக் கூடாது” என்று ஆரம்பித்தாராம். அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை.

“கூப்பிட்டதக்கூட விடுங்கப்பா. நாலாவது படியில தடுமாறினேன். நீங்க கை குடுத்தீங்க. ஒரு கைதான். இன்னொரு கையில மைக் இருந்துச்சு. அத நீங்க கீழ வைக்கவே இல்ல.”

அவர் சாப்பிட்டு முடிக்காமலே எழுந்துவிட்டாராம்.

இப்போது அவர் வீட்டு முன்னறையில் ஒரு மேசை கிடக்கிறது. யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுக்கிறார். எந்தப் பிரிவுக்கு எழுதினால் எங்கே முட்டி நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் எவருக்கும் தெரியாது. சிலருக்கு வேலை நடக்கிறது, பலருக்கு நடப்பதில்லை. “பதவில இருந்தப்ப கிழிச்சது போதாதா?” என்று தெருவில் கேட்கிறவர்களும் தங்கள் காரியத்துக்கு அங்கேதான் வருகிறார்கள். எழுதியதை மகள் படித்துத் திருத்துகிறாள். கல்லூரி கடைசி வருஷம். ‘தாழ்மையுடன்’ என்ற வார்த்தையை எங்கே கண்டாலும் அடித்துவிடுவாள் என்று கேள்வி. உண்மைதான், அந்த வீட்டிலிருந்து வரும் மனுக்களில் அந்த இடத்தில் ஒரு நேர்கோடுதான் இருக்கிறது.

போன வாரம் அவளே ஏழு மனுக்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எண் போட்டுக்கொண்டே, “அப்பா எப்படிம்மா இருக்கார்?” என்று கேட்டேன்.

“ஏழுக்கும் தனித்தனியா ரசீது குடுங்க சார்” என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.