என் பேனை நின்ற இடம்

மூன்று வருடங்களுக்கு முன், உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நாட்களில், மாத்தளை நகரில் நான் படித்த பாடசாலையின் மனையியல் அறையில் இது நடந்தது.

அந்தப் பரீட்சைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. நான் இலத்திரனியல் படித்துவிட்டு, நகரில் ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். முதல் நாள் மாலை என் பழைய ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். பார்வையில்லாத ஒருவர் மறுநாள் அளவையியல் என்கிற தர்க்கப் பாடத்துக்குத் தோற்றுகிறார், அவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதவேண்டிய பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டது, உன்னால் வர முடியுமா என்று கேட்டார். அவர் தேடிய ஆளுக்கு மூன்று தகுதிகள் வேண்டியிருந்தன. கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும். ஆசிரியராக இருக்கக் கூடாது. அளவையியலைப் பாடமாக எடுத்துப் படித்திருக்கக் கூடாது. மூன்றும் எனக்குப் பொருந்தின. தேவையான அனுமதியை ஆசிரியையே ஓடித்திரிந்து எடுத்துவிட்டார். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அடையாள அட்டை, ஒரே நிறத்தில் மூன்று பேனைகள், அடிமட்டம், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன்.

காலையில் பாடசாலை வாசலில் அவரைக் கண்டேன். உக்குவளையைச் சேர்ந்தவர், வயது முப்பத்தைந்து இருக்கும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படியே கூப்பிட்டேன். இருபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நோயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனதாம். பிந்திப் போனதால், புள்ளி எழுத்தை விரலால் தடவி வேகமாக வாசிக்க அவருக்கு வரவில்லை. சொந்த அண்ணனின் ஹாட்வெயார் கடையில் தொலைபேசியில் ஓடர் எடுப்பதுதான் அவருடைய வேலை. அந்த வேலைக்கு எதற்கு டிகிரி என்று அண்ணனே கேலி செய்வாராம்.

"ஓடர் எடுக்கக் காது போதும் தங்கச்சி. தல சும்மாதானே ஈக்கி," என்றார் என்னிடம். அவர்கள் பேச்சில் ஈக்கி என்றால் இருக்கிறது.

கூட வந்திருந்தவர் அவருடைய மனைவி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் மூன்று பாடங்களின் புத்தகங்களையும் குறிப்புகளையும் வாசித்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்து கொடுத்தது அவர்தான். வேறு நேரம் கிடைக்காததால் சமைத்துக்கொண்டே வாசிப்பாராம். நானா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் படித்தார்.

இது அவருக்கு மூன்றாவது தடவை. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது மூன்று தடவைகளுக்கு மேல் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மற்ற இரண்டு பாடங்களையும் அவர் எழுதி முடித்திருந்தார். முந்திய இரண்டு தடவையும் அவரை விழுத்தியது அளவையியல்தான். வாசலில் பிரியும்போது மனைவி அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, வெளங்கிற மாதிரி எழுதுங்க தங்கச்சி என்றார்.

மனையியல் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நானா, நான், பரீட்சையைக் கண்காணிக்க நோக்குநராக வந்திருந்த ஓர் ஆசிரியை. அவர் எனக்கு விதிகளைச் சொன்னார். வினாவை வாசிக்கலாம், கேட்டால் மறுபடியும் வாசிக்கலாம். நானா சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அவர் கேட்டால், எழுதியதை வாசித்துக் காட்டலாம். வேறு ஒரு சொல்லும் பேசக் கூடாது. இயந்திரங்களோடு வேலை செய்கிறவளுக்கு இப்படியான அறிவுறுத்தல்கள் புதிதல்ல. இதில் பிழை விடுவதற்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்தேன்.

தொடக்கம் நன்றாகப் போனது. நான் வினாவை வாசிப்பேன். அவர் மேசையில் விரலால் மெல்லத் தட்டுவார். பிறகு நிதானமாகச் சொல்வார். சில இடங்களில் தனக்குள் முணுமுணுத்துக்கொள்வார். இது குக்கர் விசிலடிச்சதுக்குப் பொறகு வார பகுதி என்பார். இன்னொரு விடைக்கு, அவ மிளகாய் தாளிச்சு இருமின எடம் என்றார். "குக்கர எழுதிராதீங்க," என்று என்னிடம் சொல்லியும் வைத்தார். நோக்குநர் ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

பிறகு அந்த வினா வந்தது. ஒரு வாதத்தைக் கொடுத்து, உண்மை அட்டவணை போட்டு, அது செல்லுமா செல்லாதா என்று சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று கூற்றுகள். ஒவ்வொன்றும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம் என்பதால் அட்டவணையில் எட்டு வரிகள் வரும். கண்ணால் பார்த்துப் போடுகிறவர்களுக்கே வரி மாறிப்போகும். அவர் எட்டு வரிகளையும் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் சொல்லத் தொடங்கினார்.

அடிமட்டத்தால் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர்தான் வேறு, இது நான் படித்தது. இலத்திரனியலில் ஒன்று, பூச்சியம் என்று எழுதுவதை இங்கே உண்மை, பொய் என்று எழுதுகிறார்கள். வேலையில் நான் அன்றாடம் பார்க்கிற அட்டவணை. இதை யாரும் யோசித்திருக்கவில்லை, நானும்தான்.

ஐந்தாவது வரிவரை எல்லாம் சரி. ஆறாவது வரியில், "உண்மை" வரவேண்டிய ஒரு கட்டத்துக்கு அவர் "பொய்" என்றார். களைப்பில் வந்த சறுக்கல்தான். முந்திய வரியில் அதே விதியைச் சரியாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வாதத்தை உடைத்துக் காட்டுகிற வரியே அதுதான். அங்கே பிழை விட்டால் முடிவும் தலைகீழாகிவிடும்.

என் கை நின்றது. நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

நானா தலையை லேசாகச் சாய்த்தார். "பேனை நின்டுட்டிச்சி," என்றார் மெதுவாக.

நான் பேசக் கூடாது. பேசவில்லை.

மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரல்களை அவர் மடக்கிக்கொண்டார். எங்கேயோ தவறிவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டதை முகத்தில் கண்டேன். அந்த வரியை மனதில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னத எழுதுங்க தங்கச்சி. பொய்."

எழுதினேன். மிச்ச வரிகளையும் சொல்லி, வாதம் செல்லும் என்று முடித்தார். செல்லாது என்பதுதான் சரியான விடை.

எல்லா வினாக்களும் முடிந்தபோது இன்னும் நேரம் இருந்தது. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நோக்குநர் ஆசிரியை ஞாபகப்படுத்தினார். நானா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். இரண்டு இடங்களில் சொற்களை மாற்றினார். ஓரிடத்தில், விடுபட்டுப்போன உதாரணம் ஒன்றைச் சேர்த்தார். அட்டவணை இருந்த பக்கம் வந்தபோது, அடுத்ததுக்குப் போங்க என்றார். ஆசிரியைக்கு விளங்கவில்லை. நேரம் இருக்கிறதே, அதையும் கேளுங்களேன் என்றார்.

"அது வேணாம் டீச்சர்."

பரீட்சை முடிந்து, அவருடைய கையைப் பிடித்துப் படி இறக்கிக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று படியிலேயே கேட்டுவிட்டேன்.

"ஒங்கட பேனை நின்டது எனக்குக் கேட்டிச்சி. அதுக்குப் பொறகு நான் திருத்தினா அது என்ட விடை இல்ல, ஒங்கட விடை." அடுத்த படியைக் காலால் தடவி இறங்கினார். "எழுதுறவங்கதானே விடையும் சொல்லிக் குடுக்கிறன்டு எத்தன பேர் என்ட மொகத்துக்கு நேரயே கேட்டிருக்காங்க."

அப்போதுதான் நடந்தது எனக்கு முழுவதாக விளங்கியது. நான் நிற்காமல் எழுதியிருந்தால், கடைசியில் வாசித்துக் காட்டும்போது அந்தப் பிழையை அவரே பிடித்திருக்கலாம். அந்த வாய்ப்பை என் கை எடுத்துவிட்டது. வாசலில் மனைவி எப்படி என்று கேட்டதற்கு, நல்லம் என்றார். தங்கச்சிட எழுத்து நல்ல வேகம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெறுபேறு வந்தபோது மற்ற இரண்டு பாடங்களிலும் தேறியிருந்தார், அளவையியலில் சித்தி இல்லை. என் பழைய ஆசிரியைதான் எனக்குச் சொன்னார். அந்த ஒரு வினாவால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே பாரமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உக்குவளைக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம். என்னென்ன சொல்வது என்று வழி முழுக்க வரிசையாக யோசித்துக்கொண்டு போனேன். அவர் இதை வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டார் என்பது அந்த வரிசையில் இருக்கவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை மனைவி கதவோரம் நின்று கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"மூணு வருஷம் நான் சட்டியக் கிண்டிக் கிண்டி வாசிச்சது. ஒரு பேனை நின்டதுக்கு உட்டுட்டு வந்தீங்களா?"

"வாசிச்சது எங்கயும் போகல்ல. தலையிலதான் ஈக்கி," என்றார் நானா.

"ஒலகத்துல ஈக்கிற நீதி எல்லாமே இவருட தலையிலதான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். குசினியில் கோப்பைகள் பலமாக மோதுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். இருங்க, தேத்தண்ணி வருது, நீங்க குடிக்காமப் போனா அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு என்று நானா தடுத்தார்.

தேத்தண்ணி வருவதற்கிடையில் இன்னொன்றைச் சொன்னார். உயர்தரத்தில் சித்தியில்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஒன்றைப் படித்து, அதில் தேறினால், தொலைக்கல்வி முறையில் பட்டப்படிப்புக்குப் போகலாமாம். வயது போனாலும் எடுப்பார்களாம். ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டார். அதற்கும் பரீட்சை உண்டு, அதையும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனைவி கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. அதுக்கு யாரு எழுதுற என்று கேட்டார். இன்னும் யாரிடமும் கேட்கவில்லை என்றார் நானா.

"இந்தத் தங்கச்சியே எழுதட்டும். புதுசா ஒராள் வந்தா அவருட பேனையையும் நீங்க படிக்க வேணுமே."

அதைக் கேலியாகச் சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கை திரும்பவும் நின்றால் என்ன செய்வது என்று நானாவிடம் கேட்டேன்.

"நின்டா அந்தக் கேள்வியும் போகும்," என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் பழகினேன். சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிற தோழியைச் சொல்லச் சொல்லி எழுதினேன். இடையிடையே வேண்டுமென்றே பிழையாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். முதலில் ஒவ்வொரு பிழையிலும் பேனை தடக்கியது. உன்னைக் கட்டுறவன் பாவம், ஒரு பிழை விட முடியாது என்று அவள் சிரித்தாள். சில கிழமைகளில் கை ஓடப் பழகியது. காது கேட்டதைக் கை எழுதும். நடுவில் இருக்கிற என் படிப்பு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

கண்டிக்குப் போய் அந்தப் பரீட்சையை எழுதினோம். அன்றும் அவர் இரண்டு இடங்களில் பிழையாகச் சொன்னார். இரண்டு தடவையும் பேனை நிற்கவில்லை. கடைசியில் வாசித்துக் காட்டியபோது, "பொறுங்க, திரும்ப வாசிங்க," என்று ஒன்றை அவரே பிடித்துத் திருத்தினார். மற்றது அவருடைய காதுக்குத் தப்பிவிட்டது. பிழையாகவே மூடிக் கொடுத்தோம்.

அவர் சித்தியடைந்து, இப்போது பட்டப்படிப்பின் முதல் வருடத்தில் இருக்கிறார். அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நான் எழுதி வருகிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இன்றும் எனக்கு லேசாக இல்லை. அப்படியான ஒவ்வொரு முறையும், இந்தப் பிழை அவருடையது, அதைத் திருத்துகிற உரிமையும் அவருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.