கட்டம் மேடத்தின் ஒன்பது படங்கள்

இது ராத்திரி நடந்ததில்லை. பட்டப்பகல். மதியம் இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆரம்பித்தது. பேய் என்றால் மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. என்னோடு கூட இருந்த டைப்பிஸ்ட் அக்கா இன்றும் நல்லபடியாக இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓவியக் கிடங்குக்குப் பொறுப்பாளர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வட்டாரத்தில் நவீனம், நவீனம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மரம் வரைந்தால் மரம் மாதிரி இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அப்புறம் மரமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வெறும் கோடு, கட்டம், திட்டுத் திட்டாகப் பூச்சு. கேட்டால் அரூப ஓவியமாம். எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் வாங்கிக் கீழ்த்தளத்தில் அடுக்கிவிட்டது. பேராசிரியர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, தலையைச் சாய்த்து, தாடையைத் தடவி, ‘ஆகா!’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் புரியாது. ஒரு தடவை தலைகீழாக மாட்டிவைத்துச் சோதித்துப் பார்த்தேன். அதற்கும் ஆகா.

அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாள். இங்கேதான் பாடம் எடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகவே போட்டதால் பையன்கள் வைத்த பெயர் கட்டம் மேடம். ஆள் உயரத்தில் ஒன்பது படங்கள். அவர் செய்ததில் மிஞ்சியது அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். எங்கள் பதிவேட்டில் ‘மறைந்த’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். சரிதானா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கென்ன?

கிடங்கைக் கம்ப்யூட்டர் அறையாக்க வேண்டும் என்றார் துறைத் தலைவர். மற்றப் படங்களுக்கு வேறு இடம் கிடைத்தது. இந்த ஒன்பதுதான் எங்கேயும் நுழையவில்லை. சரிசெய்யவே முடியாத அளவுக்குப் பழுதானால் ஒழியக் கழிக்கக் கூடாது என்று அந்த அம்மாள் எழுதி வாங்கியிருந்தார்.

“பழுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க,” என்றார் தலைவர். “உங்களுக்கு மேல ஜன்னல் வெச்ச ரூம்.”

ஒரு ஜன்னலுக்காக நான் ஒத்துக்கொண்டேன்.

படத்தின் நிலையைச் சோதிக்க ஒரு முறை உண்டு. இரண்டு பேர் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை வெடிப்புக்கும் நிழல் விழும். ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும், என்ன பழுது, எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று. இன்னொருத்தர் மூலையில் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு மணியோடு எழுதிக்கொள்ள வேண்டும். நான் சொல்கிறவன். அக்கா எழுதுகிறவர்.

மணி 2:11. முதல் படம். ஒரு கீறல்கூட இல்லை. நாக்கூசாமல் சொன்னேன். “இடது மேல் மூலை. வெடிப்பு. நாலு சென்டிமீட்டர்.”

ஸ்ஸ்...

சூடான பாத்திரத்தில் கை பட்டால் இழுப்போமே, அந்த மாதிரி மூச்சு. அக்காதான் என்று நினைத்தேன்.

“வெளிச்சத்துல பாத்தப்ப நல்லாத்தானே சார் இருந்துது?” என்றார் அக்கா.

“நீங்க எழுதுங்க.”

மணி 2:24. இரண்டாவது படம். “வலது பக்கம். பூச்சு உரிஞ்சிருக்கு. ஏழு சென்டிமீட்டர்.”

ஸ்ஸ்...

“பல்லு வலியாக்கா?”

“எனக்கா? நீங்கதானே சார் இழுக்கறீங்க?”

மூன்றாவது படத்தின் பின்பக்கம் நிஜமாகவே ஒரு பழைய ஈரக்கறை இருந்தது. அதைச் சொன்னேன். சத்தமே இல்லை. நான்காவதற்குப் பொய் சொன்னேன்.

ஸ்ஸ்...

இந்த முறை என் காதுக்குப் பக்கத்தில்.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த அம்மாள் இருந்தபோதும் இம்சை, போன பிறகும் இம்சையா? சோதித்துப் பார்ப்போமே என்று ஐந்தாவதற்கு, “பழுது எதுவும் இல்லை,” என்றேன்.

நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. அப்பாடா என்கிற மூச்சு.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

“லைட்டைப் போடுங்க சார்.”

“உக்காருங்கக்கா. அதை அடிச்சிட்டு, கீழ் ஓரம் கிழிசல், பதினொண்ணுன்னு எழுதுங்க.”

ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஆறு. ஏழு. எட்டு.

அக்கா அழுதுகொண்டே எழுதினார்.

மணி 3:40. ஒன்பதாவது. சாம்பல் நிறக் கட்டங்கள். டார்ச் வெளிச்சத்தில் கட்டங்கள் லேசாக ஏறி... இறங்கின.

டார்ச் பேட்டரிதான் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

“நடுவுல... குறுக்கே கிழிசல். முப்பது சென்டிமீட்டர். இனி சரிசெய்ய முடியாது.”

காத்திருந்தேன்.

சத்தம் இல்லை.

மூச்சும் இல்லை.

விளக்கைப் போட்டேன். ஒன்பதும் புதுசு போல நின்றன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

நான்காம் நாள், என் புது அறைக்கு ஒரு முதியோர் இல்லத்து நர்ஸ் வந்தார். கையில் ஒரு துணிப்பை, ஒரு அட்டை.

“மேடத்தோட சாமான் சார். சொந்தம்னு இந்த டிபார்ட்மென்ட் அட்ரஸைத்தான் எழுதியிருந்தாங்க. திங்கக்கிழமை போயிட்டாங்க.”

“எந்த மேடம்?”

பெயரைச் சொன்னார். நான் அந்த ஒன்பது படங்களைச் சோதித்ததும் திங்கட்கிழமைதான்.

“காயத்தை அளந்து, மணி போட்டு எழுதறது எங்க ரூல் சார். ஆனா மேடம் உடம்புல இதெல்லாம் எப்படி வந்துதுன்னு டாக்டருக்கே தெரியலை. நான் பக்கத்துலயே இருந்தேன், யாரும் தொடலை.”

அட்டையைப் பார்த்தேன். 2:11, இடது தோள், நாலு சென்டிமீட்டர். 2:24, வலது விலா, ஏழு. அதற்குமேல் படிக்காமல் கடைசி வரிக்குப் போனேன். 3:40.

“வலிக்குதுன்னுகூடச் சொல்லலை சார்,” என்றார் நர்ஸ். “ஜன்னல் பூரா திறந்திருக்கு, அறையில நல்ல வெயில். ஆனா ரெண்டு மணியிலேர்ந்து ஒண்ணையே சொல்லிட்டிருந்தாங்க. ‘லைட்டைப் போட்டுப் பாக்கச் சொல்லும்மா... ஒண்ணும் ஆகலைன்னு அவருக்கே தெரியும்.’”