நெஞ்சில் கட்டிய நீர்

அடுத்த வீட்டு நோயைக் கேட்பதில் உனக்கு அப்படி என்ன ருசி? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டாய், சொல்கிறேன். போன மழைக்காலத்தில், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது.

என் வீட்டுக்காரர் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடிக்கிற ஆள். மாடு ஒரு தும்மல் போட்டால் அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். தனக்கு மூச்சு வாங்குவது மட்டும் தெரியவில்லை. படுத்தால் திணறி, உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். காசமா, புற்றா, இதயக் கோளாறா என்று சோதித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. எங்கள் தெருவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. “காசந்தானுங்க அக்கா. எங்க மாமனுக்கும் இப்படித்தான் ஆச்சு” என்று ஒருத்தி தன் பேத்தியை எங்கள் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். புற்றேதான் என்றாள் இன்னொருத்தி. இரண்டுக்கும் சிரித்து வைத்தேன். சோறுதான் இறங்கவில்லை.

முதுகில் ஊசி குத்தி அந்த நீரை எடுத்தார்கள். கையில் ரத்தமும் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். நீரில் காசத்தின் அடையாளம் இல்லை, புற்றும் தெரியவில்லை. இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு சுரப்பு மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கோளாறு இதயத்தில்தான் என்றார். பிறகு அவரிடம், “முன்னாடி காலு வீங்கினப்போ நீர் பிரியறதுக்கு ஒரு குளிகை தந்திருந்தோமே, சாப்பிடறீங்களா?” என்று கேட்டார்.

மனுஷன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

“ஏனுங்க, கேக்கறாங்கல்ல” என்று இடித்தேன்.

“சந்தைல துண்டுக்குள்ள கைய உட்டு வெல பேசறப்போ முட்டிக்கிட்டு வருதுங்க. பாதில கைய உருவுனா யாவாரம் வேற தரகன்கிட்டப் போயிரும். அதான் உட்டுட்டனுங்க.”

டாக்டரம்மா திட்டவில்லை. சந்தை நாளில் வீடு திரும்பிப் போட்டுக்கொள்ளலாம், நிறுத்த மட்டும் கூடாது என்றார். வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துண்டு போடாமல்தான்.

அவர் மறுபடி நீட்டிப் படுத்துத் தூங்க ஆரம்பித்தபின் தெருப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: “மாத்திர போட்டீங்களான்னு கேட்டா எந்த ஆம்பளையும் ஆமாம்பாங்க. போட்டா என்னங்க தொல்லைன்னு கேளுங்க. அப்பத்தான் வாயத் தொறப்பாங்க.”