பின்சீட்டுக்கு ஒரு கேமரா

என் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி உடைந்தபோது அதை மாற்ற ஒரு வருடம் எடுத்துக்கொண்டவன் நான். கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும், நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பதுதான் வண்டி விஷயத்தில் என் கொள்கை. அப்படிப்பட்டவன் போன வருடம், வண்டியில் மாட்டுகிற வீடியோ கேமரா ஒன்றைத் தேடிக் கோயம்புத்தூர் முழுக்க அலைந்தேன். தெருவில் ஒருவர், இந்த வயதில் இமயமலைக்கா கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். அன்னூர் வரைக்கும்தான் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேமரா என் மனைவிக்காக. முதுகுத்தண்டில் அவளுக்கு ஒரு பெரிய அறுவைசிகிச்சை நடந்திருந்தது. டாக்டர் நல்ல மனிதர். நடக்கலாம், காரில் போகலாம், போகப்போக மாடிப்படிகூட ஏறலாம் என்று ஒவ்வொன்றாக வரம் கொடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், மோட்டார் சைக்கிளில் மட்டும் இனி ஏறவே கூடாது என்றார். அவள் “சரிங்க” என்றாள்.

பம்புசெட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். வாரம் முழுக்க அன்னூர், புளியம்பட்டி ரோட்டில் சுற்றுவேன். ஞாயிற்றுக்கிழமையாவது வண்டியை விட்டுக் கீழே இறங்குவேன் என்று பார்த்தால் அதுவும் கிடையாது. சாப்பிட்டுப் படுத்து எழுந்து, சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் போவேன். கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டி அன்னூர், ஒரு டீ, வழியில் கண்ணில் பட்ட காய்கறி, பிறகு வீடு. இதைப் போய் ஊர் சுற்றுவது என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சிலருக்குக் கோயில், சிலருக்கு சினிமா, எங்களுக்கு அன்னூர் ரோடு.

அறுவைசிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எழுந்து உட்காரவில்லை. உட்கார வைத்தால் ஒரு காபி குடிக்கிற நேரம் உட்காருவாள், பிறகு வலிக்கிறது என்று படுத்துவிடுவாள். பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி பெண் ஒருநாள் கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “படுத்தே பழகிட்டாங்கன்னா அப்பறம் நடக்க வைக்கறது ரொம்பக் கஷ்டமுங்க சார். உக்காரோணும்னு அவங்களுக்கே தோணோணும்.”

அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் கவலை. கெஞ்சினேன். அதட்டினேன். டிவியில் சீரியல் போட்டேன். கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்குச் சீரியல் பிடிக்காது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கார் பிடித்து ஒருமுறை அழைத்துப் போனேன். ஏறியது முதல் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஒருநாள் நான் வெளியே போய்விட்டு வந்தபோது, இன்றைக்கு ரோட்டில் என்ன இருந்தது என்று படுத்தபடியே கேட்டாள். என்ன இருக்கும், லாரி இருந்தது என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சொல்லத்தான் தெரியவில்லை, எடுத்துக் காட்டவாவது செய்யலாம் என்று அப்போது தோன்றியதுதான் இந்தக் கேமரா.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அவள் யூடியூபில் பத்துப் பதினைந்து வீடியோக்கள் அனுப்பினாள். எல்லாவற்றிலும் தாடி வைத்த பையன்கள் பனிமலை ஓரமாக வண்டியை நிறுத்தி, ஃபோர்கே, ஸ்டெபிலைசேஷன், சின் மவுண்ட் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். சின் மவுண்ட் என்றால் ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் கேமராவை ஒட்டிக்கொள்வதாம். கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய கடையில் அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். கன்றுக்குட்டிக்கு வாய்க்கூடை கட்டியதுபோல இருந்தது. விற்கிற தம்பி, “சேனல் ஆரம்பிக்கறீங்களா சார்?” என்று ஆர்வமாகக் கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் பொறுப்பல்ல; இருந்தாலும் ஹெல்மெட்டை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, உக்கடத்தில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன். இண்டிகேட்டர், சீட் கவர், ஹாரன் என்று நான் வாங்காத அலங்காரமெல்லாம் விற்கிறவர். கேமராவும் வைத்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என் வண்டியின் ஹேண்டில்பாரில் ஒன்றை மாட்டி, குளக்கரையோரம் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். போய்வந்து பார்த்தால் படம் முழுக்க நடுக்கம். வண்டி என்னைவிட அதிகமாக ஆடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. வேறொன்றை மாட்டினார், அது பரவாயில்லை. விலை பேச வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“எடுத்துட்டுப் போய் ஊட்ல காட்டுங்க. அவங்க கண்ணுக்குப் புடிச்சாத்தான் கேமரா. இல்லைன்னா பொட்டியோட கொண்டாந்து குடுத்துருங்க.”

இப்படிச் சொல்கிற கடைக்காரர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கு வாய்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னூர் வரை தனியாகப் போய் எடுத்துவந்தேன். டிவியில் போட்டுக் காட்டினேன். ரோடு அப்படியே கருகருவென்று திரைக்குள் ஓடியது. முன்னால் போகிற பஸ்ஸின் நம்பர்கூடத் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லா இருக்குதுங்க” என்றாள். படுத்துக்கொண்டாள்.

பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்து, இன்னும் அகலமாகக் காட்டுகிற ஒன்றை எடுத்துவந்தேன். இதில் இரண்டு பக்கமும் வானமும்கூட விழுந்தன. அதற்கும் “நல்லா இருக்குதுங்க”தான். அதற்கும் படுக்கைதான். மூன்றாவதாக வண்ணம் பளிச்சென்று விழுகிற ஒன்று. மறுபடியும் அதே பதில். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. அதனாலேயே உண்மை வெளியே வரக் கொஞ்சம் தாமதமாகும். பாய் ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் பெட்டிகளை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. நாள் முழுக்க வெயிலில் ஓட்டிக்கொண்டு வருகிறேன், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லேன் என்று அவளிடம் கத்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது எனக்குத் தெரியாத ரோடுங்க.”

அன்னூர் ரோடு தெரியாதா என்றேன்.

“எனக்கு முன்னால எப்பவும் உங்க முதுகுதானுங்க இருந்துச்சு. நான் பாத்ததெல்லாம் இந்தப் பக்கம்.” படுத்தபடியே இடதுகையை உயர்த்திக் காட்டினாள்.

சேலை கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்துத்தான் அவள் எப்போதும் உட்காருவாள். எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை வருடங்களாக நான் நினைத்திருந்தேன். நான் பார்த்தது பஸ், லாரி, குழி. அவள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியவே தெரியாது. எதிரே என்ன வருகிறது என்று பார்க்க முடியாமல், மடியில் காய்கறிப் பையையும் ஒரு காலத்தில் குழந்தையையும் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் நம்பி ஒருத்தி அவ்வளவு தூரமும் வந்திருக்கிறாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அன்றைக்குத் தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சமையலறைக்குப் போய் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் உட்காருவார்கள் என்றார். அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. பக்கவாட்டில் பார்க்கிற கேமராவுக்கு எல்லாம் வேகமாகக் கடந்து ஓடும், சாதாரணக் கேமராவில் அது இழுபட்டுக் கோடுகோடாகிவிடும் என்று விளக்கி, ஓடுவதை உறைய வைத்ததுபோல எடுக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிகம் அகலமில்லாதது, ஒருவர் கண்ணால் பார்க்கிற அளவுக்கே காட்டுவது. அதைப் பின்சீட்டுக் கம்பியில் நிறுத்த ஒரு குழாயைப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் வளைத்து வாங்கினார்.

குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? அவள் கண் இருந்த உயரம். அதை அளக்க யாராவது ஒருக்களித்து உட்கார வேண்டுமே. என் உயரமும் அவள் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் நான்தான் உட்கார்ந்தேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். அளந்து முடித்ததும் பாய் முன்னால் ஏறி, அப்படியே என்னைத் தெருக்கோடிவரை ஓட்டிக்கொண்டு போனார். கால் வைக்க இடம் போதவில்லை, இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்னால் உட்கார்ந்தால் தெரிவதெல்லாம் வண்டிகள். இப்படி உட்கார்ந்தால் தெரிவதெல்லாம் மனிதர்கள். கடைப்படியில் நிற்கிற ஒவ்வொருவரும் நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு, காலியான பின்சீட்டில் கேமராவோடு, ரோட்டின் இடது ஓரமாகவே மெதுவாக அன்னூர் போனேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். வழக்கமாகத் திருப்பி முறைக்கிறவன், அன்றைக்கு முறைக்கவில்லை.

வந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டிவியில் போட்டேன். நகரத்துக் கடைகள் ஓடின. கணபதி தாண்டியதும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். சரவணம்பட்டிக்கு அப்பால், “நிறுத்துங்க” என்றாள். வெளிர்நீலத்தில் ஒரு வீடு. அது வெறும் நான்கு தூணாக நின்ற காலத்திலிருந்து அவளுக்குத் தெரியுமாம். முதலில் சுவர், பிறகு கதவு, பல வருடம் கழித்துப் பூச்சு. இப்போது மேலே மாடி எழும்பிக்கொண்டிருந்தது. “மாடி கட்டிப்போட்டாங்க பாருங்க” என்றாள், சொந்தத் தங்கை வீட்டைச் சொல்வதுபோல.

கோவில்பாளையம் வருவதற்குள் இன்னும் பலமுறை நிறுத்தச் சொன்னாள். வேப்பமரத்தடியில் ஒரு தையல் கடை வந்தது. வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த பெண், வண்டிச் சத்தம் கேட்டுத் தலைதூக்கி, பழக்கமாகக் கையை உயர்த்தினார். சீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. வண்டி கடந்து போகும்வரை அவர் கண் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலிருந்து இது என்று கேட்டேன். ரொம்ப நாளாகவே, ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் கையைக் காட்டுவாளாம், அவரும் காட்டுவாராம். அதற்குமேல் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாதாம். “என்னைத் தேடறாங்கங்க” என்றாள். அழுதாள். ஆனால் படுக்கவில்லை. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாய் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். சொன்னால் நினைவு வந்து படுத்துவிடுவாளோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன். தையல்காரப் பெண்மணிக்கும், அந்த நீல வீட்டுக்காரர்களுக்கும், பாய்க்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை காற்றுச் சத்தம் மட்டும்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடைக்காக வண்டி மெதுவானபோது காற்றும் அடங்கியது. அந்த நிசப்தத்தில் என் குரல் கேட்டது. “புடிச்சுக்க அம்மணி.”

நான் டிவியைப் பார்த்தேன். நான் பேசிய ஞாபகமே எனக்கு இல்லை. வண்டியில் யாரும் இருக்கவும் இல்லை. வண்டி மேடேறி இறங்கி, மறுபடி காற்று இரைய ஆரம்பித்தது. அடுத்த வேகத்தடையிலும் அதே குரல், அதே வார்த்தை. யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இன்னொரு வேகத்தடை வந்தது. காற்று அடங்கியது. “புடிச்சுக்க அம்மணி” என்றது டிவி.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, திரையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“புடிச்சுட்டேனுங்க. போங்க.”