எதிர்ப்பக்கம் சாய்ந்த புல்

செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மிச்சமிருக்கும் அத்தனை வேலைக்கும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆசைப்பட்டு மொட்டை மாடியில் விரித்துவிட்டு, மத்தியானம் வெறுங்காலோடு ஏறிக் குதித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

இன்று ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு டர்ஃப் மைதானத்தில்தான் விழ வேண்டும். நான் முதன்முதலில் பராமரித்தது, கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்னக் கால்பந்து மைதானம். நடத்தியவர் ஆரோக்கியசாமி சார், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இடம் அவருடைய அண்ணன் பீட்டருடையது. பீட்டருக்கு அங்கே குடோன் கட்ட ஆசை. யாரும் வழுக்கி விழாமல் ஆடுகிற மாதிரி புல் இருக்கும்வரை மைதானம், இல்லாவிட்டால் குடோன் என்று இருவருக்கும் பேச்சு. அதனால் புல் விரிப்புகளைச் சேர்த்து ஒட்டிய ஒரு ஜாயின்ட் வாயைத் திறந்தாலும் ஆரோக்கியசாமி சாருக்குத் தூக்கம் போய்விடும். கூடவே எனக்கும்.

அனல்

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரை. வெயில் எல்லாம் எனக்கு ஒரு விஷயமா என்று முதல் கோடையில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். ஜாயின்ட் ஒட்ட முட்டி போட்ட வேகத்தில் எழுந்து நின்றேன். புல்லுக்குள் நிரப்பியிருந்த கருப்பு ரப்பர் குருணை அடுப்புக் கரி மாதிரி இருந்தது. சார் ஓடிப்போய் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தார். சூடு தணியவில்லை, ஆவி கிளம்பி எல்லோரும் புழுங்கிப் போனோம்.

என்னோடு வேலை செய்த மஞ்சுநாத் கர்நாடகா பக்கத்து ஆள். அவர் முழங்காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தார். எனக்கும் இரண்டு சாக்குத் துண்டை நீட்டிவிட்டுச் சொன்னார்: “உங்க ஊரு வெயிலு மேல இருந்து வரும்ண்ணா. இது கீழ இருந்து வருது.”

சோப்பு

மழைக்காலத்தில் மதில் ஓரமாகப் பாசி பிடித்தது. காயவிட்டு பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாருக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் சிந்திய தொழிற்சாலைத் தரையையே பளபளப்பாக்கியவர் ஆயிற்றே, அதே சோப்பு ஆயிலை ஒரு கேன் நிறையக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்.

பாசி போய்விட்டது. சோப்பு போகவில்லை. குருணைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, தூறல் போட்டபோதெல்லாம் நுரையாக வெளியே வந்தது. ஒரு வாரம் அலசினோம். ஷிஃப்ட் முடிந்து ஆட வந்த ஒருவர் கணுக்கால் அளவு நுரையில் நின்று கேட்டார்: “நாங்க பந்து ஆட வந்தமா, துணி தொவைக்க வந்தமாண்ணா?”

மேகம்

அடுத்த கோடையில் எதிர்க் கட்டடத்துக்குக் கண்ணாடி போட்டார்கள். அதில் பட்ட வெயில் திரும்பி எங்கள் கோல் முன்னால் விழுந்து, ஒரு பாய் அளவுக்குப் புல் உருகிச் சுருண்டுவிட்டது. பீட்டர் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. புதுத் துண்டை வெட்டினோம். பசையைக் கலக்கி முடித்ததும் அணைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரம் பட்டால் அந்தப் பசை பொங்கிவிடும், பிடிக்காது. அவசர அவசரமாக ஒட்டி, மேலே தார்ப்பாய் விரித்து, மண் மூட்டைகளை அடுக்கிவிட்டு ஓடினோம்.

மறுநாள் காலையில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். செயற்கைப் புல் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும். வெல்வெட் துணியை எதிர்ப்பக்கம் தடவினால் நிறம் மாறித் தெரியுமே, அப்படி அந்தத் துண்டு மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தது. திசையைப் பார்க்காமல் ஒட்டியிருந்தேன். தவறு என்னுடையதுதான். பிடுங்கினால் அடித்துணியும் கிழிந்து வரும். எதைக் கேட்டாலும் ‘ஆகுத்தே’, ஆகிவிடும் என்று தைரியம் சொல்கிற மஞ்சுநாத் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சொன்னார்: “ஆகல்லண்ணா.”

உதை

ஞாயிறு பூசை முடிந்து பீட்டர் நேராக வந்தார். கேட்டிலிருந்தே அது கண்ணில் பட்டுவிட்டது. அங்கே மட்டும் ஏன் அப்படி என்று கேட்டார். பெனால்டி அடிக்க அடையாளம் என்று சார் கூசாமல் சொன்னார்.

பீட்டர் ஷூ நுனியால் ஜாயின்டை உதைத்தார். இன்னொரு முறை உதைத்தார். அசையவில்லை. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பாக்கத்தான் கோணல், பிடிப்பு கெட்டியா இருக்குது. அடுத்த வருசமும் வந்து ஒதைப்பேன்.”

சுருட்டல்

அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். கடைசி முறை அவர் உதைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்று என்னையே கேட்டார். சார் என் முகத்தையே பார்த்தார். தாங்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புல் முழுக்கத் தேய்ந்து படுத்துவிட்டது, பிரஷ் போட்டாலும் எழவில்லை. யாராவது வழுக்கி முட்டியை உடைத்துக்கொள்வார்கள். தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

குடோனுக்காகப் புல்லைச் சுருட்டிய நாளில் தெரிந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். அஞ்செட்டிக்காரர் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சுருள் ஏற்றிக்கொண்டு போனார். சார் கேட்டது அந்தக் கரும்பச்சைத் துண்டை மட்டும்தான். அடித்துணியோடு அறுத்து அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். என் மேல் கோபம் இருக்கும் என்று பயந்துகொண்டே, இந்தத் தடவை உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்கு இளம்பச்சையாகத் தெரிகிற மாதிரி திசை பார்த்து ஒழுங்காக ஒட்டித் தருகிறேன் என்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார்: “வேணாம் தம்பி. அங்க எப்டி இருந்துச்சோ அப்டியே ஒட்டு. நேரா ஒட்டிட்டா எனக்கு அடையாளம் தெரியாது.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ மைதானம் பார்த்துவிட்டேன். ஆனால் என் தவறின் மேலேயே செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிக்கிற வீடு எனக்கு அது ஒன்றுதான்.