வெட்டி எறிந்த டென்மார்க்

றெஜினா, டொரன்டோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு தொடர்மாடியில் வளர்ந்தவள். பொதுக் கொள்கை படித்துவிட்டு, டொரன்டோ நகர மையத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள். காற்று மின்சாரத்துக்கு ஐரோப்பிய நாடுகள் என்னென்ன சட்டம் போட்டன என்று ஒப்பிட்டு எழுதும் வேலையை அவள் போகும் தேவாலயத்துக்கே வருகிற தமிழரான மேலதிகாரி கிளிபோட் அவளிடம் கொடுத்தார். ஒன்ராறியோவின் கிராமமொன்றில் காற்றாலை கட்ட நினைத்த கொம்பனிக்கான அறிக்கை அது.

குளிர்காலம் முழுக்க அதிலேயே கிடந்தாள். டென்மார்க்கில் ஒரு காலம், காற்றாலை கட்டுகிறவர்கள் அயலவருக்கும் அதில் பங்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே இருந்தது. போலந்து 2016இல், இறக்கை நுனிவரையான உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடு இருந்தால் காற்றாலை கட்டக்கூடாது என்றது. புதிய திட்டங்கள் படுத்துவிட்டன. 2023இல் போலந்தே அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. ஜெர்மனி காற்று மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்குவதில் தொடங்கி, குறைந்த விலை கேட்பவருக்கு வாய்ப்புக் கொடுக்கும் ஏலத்துக்கு மாறியது.

அறிக்கை அச்சாகி வந்தபோது டென்மார்க்கைக் காணவில்லை.

"அண்ணை, டென்மார்க் எங்க?"

"கொம்பனிக்கு உது விருப்பமில்லை. இஞ்சையும் ஆக்கள் பங்கு கேப்பினம் எண்டு யோசிக்கினம்," என்றார் கிளிபோட், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு.

றெஜினா அறிக்கையை அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கிராமத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. கரோலின் என்ற பண்ணைக்காரி எழுந்து, ஐரோப்பாவில் அயலவருக்குப் பங்கு கொடுத்த நாடு ஏதும் உண்டா என்று கேட்டாள். தங்கள் ஆய்வில் அப்படியொன்றும் தென்படவில்லை என்றார் கிளிபோட், றெஜினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

றெஜினா எழுந்து டென்மார்க்கையும் போலந்தையும் ஒளிக்காமல் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் கரோலின் அவளைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காற்றாலையே வேண்டாம் என்று கரோலின் நடத்திய எதிர்ப்புக் குழு ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தது. அதில் றெஜினாவின் படம். ஐரோப்பா காற்றாலையைக் கைவிட்டதாக நிபுணரே ஒப்புக்கொண்டாராம். போலந்து போட்ட தடை அதில் இருந்தது, பிறகு தளர்த்திய செய்தி இல்லை. ஜெர்மனியும் இல்லை, டென்மார்க்கும் இல்லை.

றெஜினா கரோலினுக்குப் போன் எடுத்துக் கேட்டாள். தாளில் இடம் போதவில்லை என்றாள் கரோலின், சர்வசாதாரணமாக. கிளிபோட்டுக்கும் உங்களுக்கும் கத்தரிக்கோல் ஒன்றுதான் என்று சொல்லி றெஜினா போனை வைத்தாள்.

கிராம சபை அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. காற்றாலையும் வரவில்லை, பங்கும் வரவில்லை. பங்கு கொடுக்காமல் தப்பியதால் கொம்பனியும், காற்றாலையைத் தடுத்ததால் எதிர்ப்புக் குழுவும் வென்றதாகத்தான் சொல்லித் திரிகிறார்கள். றெஜினா இப்போது ஒரு கல்லூரியில் இதே ஒப்பீட்டைப் படிப்பிக்கிறாள், எந்த நாட்டையும் வெட்டாமல்.

போன மாதம் தேவாலயத்தில் ஞாயிறு பூசையில், பக்கத்தவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், முன்வரிசையிலிருந்து கிளிபோட் திரும்பிக் கைநீட்டினார். கோயிலுக்குள் மறுக்க முடியவில்லை, கொடுத்தாள். பூசை முடிந்ததும் வாஷ்ரூமுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு அந்தக் கையைக் கழுவினாள்.